பாம்பும் படம் எடுக்கிறது, நாமும் படம் எடுக்கிறோம்

கேள்வி: நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, “டீச்சர், பாம்பும் படம் எடுக்குது, கல்யாண வீட்டுல கேமராக்காரரும் படம் எடுக்குறாரு. ரெண்டும் ஒரே படமா?” என்று கேட்டான். அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொன்னேன்: “நல்ல பாம்பின் தலையில் படம் வரைந்த மாதிரி ஒரு குறி இருக்கும், அதனால்தான் படம்.” சொன்ன பிறகு மனது உறுத்துகிறது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோ, “படம் என்பதே தமிழ்ச்சொல் இல்லை, ஓவியம் என்றே சொல்லிக்கொடுங்கள்” என்கிறார். சொல்லின் மூலம் என்ன? நான் சொன்னது தப்பா? கூடவே, புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் மூன்றில் எதைக் குழந்தைகளுக்குச் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

அகராதி வேலையில் பல வருடம் இருந்துவிட்டேன். வருகிற கடிதங்களில் பாதி, எழுதுகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு ஒப்புதல் கேட்டு எழுதுவது. உங்கள் கடிதம் அப்படி இல்லை. அந்தப் பையனின் கேள்வியை அவனுக்காகவே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். படம் என்றால் ஆதியில் துணி.

இன்று நமக்குப் படம் என்றதும் அதில் தெரிகிற உருவம்தான் நினைவுக்கு வருகிறது. சொல் பிறந்தபோது அதற்கு உருவத்தோடு எந்த ஒட்டும் இல்லை. உடுத்துவது, போர்த்துவது, தொங்கவிடுவது என்று துணியாகத்தான் இருந்தது. சங்க நூல்களில் இதற்குச் சாட்சி இருக்கிறது. முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் வேற்று நாட்டவரை “உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்” என்கிறார் புலவர். தமிழ் பேசத் தெரியாததால் கையாலும் உடம்பாலும் சைகை காட்டிப் பேசுகிற ஆட்கள். ‘படம்புகு’ என்றால் சட்டை போட்ட என்று பொருள். தைத்த சட்டைக்குள் தலையையும் கையையும் நுழைத்துக்கொள்வதைப் ‘புகுதல்’ என்கிறார். நாம் இன்று சட்டை என்கிற இடத்தில் அங்கே படம் நிற்கிறது.

இதே குடும்பத்துச் சொல்தான் படாம். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். “உடாஅ போராஅ ஆகுதல் அறிந்தும் படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ” என்று பரணர் பாடுகிறார் (புறநானூறு 141). மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான். கொடுத்தது படாஅம், அதாவது போர்வைத் துணி. வகுப்பில் பேகனையே முன்னால் நிறுத்தி ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, துணி எப்படிச் சித்திரமானது? துணியில்தான் வரைந்தார்கள். சுவரில் எழுதினால் பார்க்க நாம் அங்கே போக வேண்டும். துணியில் எழுதினால் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், விரிக்கலாம், கட்டித் தொங்கவிடலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்குக்கு மேலே கட்டியிருந்தது ‘ஓவிய விதானம்’, சித்திரம் எழுதிய மேற்கட்டித் துணி. ஒடிசாவிலும் வங்காளத்திலும் இன்றும் பட்டசித்திரம் என்று துணியில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் ‘பட’மும் துணிதான். நம் பக்கம் கருப்பூர்க் கலம்காரி இருக்கிறது, 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் தேரில் குழாய் குழாயாகத் தொங்குமே தொம்பை, அப்புறம் திரைச்சீலை, விதானம் எல்லாம் அந்தக் கைவேலையில் வருபவை.

கலம்காரித் துணி தயாராவதை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தச் சொல் மனதில் பதிந்துவிடும். துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்புதான் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள் கணக்கில் புளிக்க விடுவார்கள். மூங்கில் குச்சியின் நுனிக்கு மேலே துணியோ கம்பளி நூலோ சுற்றி, அதை மையில் தோய்த்து, லேசாக அழுத்தி அழுத்திக் கோடு இழுப்பார்கள். எழுதும்போது வெளிறித் தெரிகிற கோடு, கடுக்காய் பட்ட துணியில் கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் துணி எது, சித்திரம் எது என்று பிரிக்க முடியாது. சாயம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, நூலுக்குள் இறங்கிவிடுகிறது. துணியின் பெயரே சித்திரத்துக்கும் பெயரானதில் வியப்பு இல்லை.

தமிழில் இதே போக்கில் இன்னொரு சொல்லும் நடந்திருக்கிறது: கிழி. கிழித்த துணித்துண்டு கிழி. அதில் பணம் முடிந்தால் பொற்கிழி. அதில் உருவம் எழுதினால் அதுவும் கிழிதான். மடலேறப் போகும் தலைவன் காதலியின் உருவம் எழுதிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பனைமடல் குதிரையில் ஏறுவான். திருக்கோவையார் இதை “கிழிபிடித்து” என்கிறது. அங்கே கிழி என்பது படம். தருமிக்குக் கிடைத்த கிழியும் இந்தக் கிழியும் ஒரே சொல் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வரும்.

இது நம் மொழியில் மட்டும் நடந்ததும் அல்ல. ஆங்கிலத்தில் நிலப்படத்துக்கு ‘மேப்’ என்கிறார்களே, அது லத்தீன் ‘மாப்பா’விலிருந்து வந்தது. மாப்பா என்றால் கைத்துண்டு, மேசைத்துணி. துணியில் உலகத்தை வரைந்ததால் துணியின் பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் வரைபடம், நிலப்படம் என்கிறோம். நில அளவைக்காரர்கள் புலப்படம் என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை, துணி ஒரே வழியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இனி உங்கள் பையனின் பாம்பு. நீங்கள் சொன்ன விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. நல்ல பாம்பின் கழுத்தில் மூக்குக்கண்ணாடி போல ஒரு குறி இருப்பது உண்மைதான். அந்தக் குறியால் வந்த பெயர் அல்ல அது.

பாம்பின் படம் வேறு சொல். வடமொழியில் துணிக்குப் ‘பட’. பாம்பு விரிக்கும் கழுத்துக்கு அதே போன்ற ஒரு சொல், முதல் எழுத்து மட்டும் மூச்சை அழுத்திச் சொல்லும் ‘ப’. காதில் இரண்டும் வேறாகக் கேட்கும். தமிழுக்கு ஒரே ப தான். அந்த அழுத்தத்தை உதறிவிட்டுத்தான் சொல் உள்ளே வர முடியும். வந்ததும் இரண்டும் ஒரே உருவம் ஆகிவிட்டன. ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்த இரண்டு பேர், பெயர் ஒன்றாக இருப்பதால் அண்ணன் தம்பி என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அப்படியானால் தமிழில் பாம்பின் படத்துக்குச் சொந்தச் சொல் இல்லையா? இருக்கிறது. பை. நாம் தோளில் மாட்டுகிற பைதான். பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் ‘பையரவணை’ என்று கேட்டிருப்பீர்கள். பையை உடைய அரவு, அதாவது படமெடுக்கும் பாம்பு. கழுத்து விலா எலும்புகளை விரித்துத் தோலை அகலப்படுத்தும்போது வாய் திறந்த பை மாதிரி இருப்பதைப் பார்த்து வைத்த பெயர். பார்த்துப் பெயர் வைத்தவன் கண் எவ்வளவு கூர்மை!

இங்கே ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலையாளத்தில் பாம்பு தோல் உரிப்பதைப் ‘படம் பொழிக்குக’ என்பார்கள். அங்கே பாம்பின் படம் என்றால் அது உரித்துப் போட்ட தோல். நாம் அதையே பாம்புச்சட்டை என்கிறோம், பாம்பு சட்டை உரிக்கிறது என்கிறோம். முல்லைப்பாட்டில் படம் என்றால் சட்டை என்று மேலே பார்த்தோம் அல்லவா? அந்தப் பழைய பொருள் மலையாள நாட்டில் பாம்புத் தோலில் தங்கிவிட்டது. விரித்த கழுத்துக்கு அவர்கள் ‘பத்தி’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆக, “பாம்பின் படத்துக்கும் துணிக்கும் தொடர்பு உண்டா?” என்று அந்தப் பையன் அடுத்த கேள்வி கேட்டால், விரிக்கிற படத்துக்கு இல்லை, உரிக்கிற படத்துக்கு உண்டு என்று சொல்லுங்கள். வயலோரம் பாம்புச்சட்டையைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள்.

உங்கள் உடன் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். தமிழ் மேல் உள்ள பற்றில் சொல்கிறார், அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி படத்தை வடமொழிப் ‘பட’விலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. தனித்தமிழ் வழியில் வந்த அறிஞர்கள் படு, படர் என்ற வேர்களோடு சேர்த்துத் தமிழ்ச்சொல் என்கிறார்கள். நான் பேரகராதியின் பக்கம். ஆனால் வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே இன்று அது தமிழ்ச்சொல் இல்லை என்று ஆகாது. “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல் ஆகும்மே” என்று தொல்காப்பியமே வழி திறந்து வைத்திருக்கிறது. அயல் எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வந்தால் அது செய்யுளுக்கே ஆகும் சொல். படம் அப்படித்தான் வந்தது, சங்கப் பாட்டில் உட்கார்ந்தது, இன்று வரை எழுந்திருக்கவில்லை. அதை வெளியே அனுப்ப வேண்டும் என்றால் முல்லைப்பாட்டையும் திருத்த வேண்டியிருக்கும்.

ஓவியம் அருமையான பழைய சொல். “ஓவத்து அன்ன இடனுடை வரைப்பு” என்று புறநானூறு ஒரு வீட்டின் அழகைச் சொல்லும், ஓவியம் போன்ற வீடு என்று. ஆனால் ஓவியம் படத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. ஓவியம் கையால் எழுதுவது. ஆஸ்பத்திரியில் “எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வாங்க” என்பதை “எக்ஸ்ரே ஓவியம்” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நிற்காது. சாமி படம், தாத்தா படம், உலகப் படம், ரஜினி படம், எதற்கும் ஓவியம் பொருந்தாது. குழந்தை வரைந்த யானையை ஓவியம் என்றும் சொல்லலாம், படம் என்றும் சொல்லலாம். இரண்டு சொல்லையும் கற்றுக்கொடுங்கள். சித்திரமும் இருக்கட்டும். இலங்கையில் பள்ளிப் பாடத்துக்கே சித்திரம் என்றுதான் பெயர்.

பழைய தமிழில் வரைவதற்கும் எழுதுவதற்கும் ஒரே சொல் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். “சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது பழமொழி. கண்ணுக்கு மை எழுதினார்கள். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்துக்கு ‘எழுத்துநிலை மண்டபம்’ என்று பெயர். அங்கே ஜனங்கள் சுவரைக் காட்டி இது யார், அது யார் என்று கேட்க, தெரிந்தவர்கள் “இது பூனையான இந்திரன், இவள் அகலிகை, இவன் கவுதமன்” என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். உங்கள் வகுப்பறைக்கும் அந்த மண்டபத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

படம் துணியை விட்டு இறங்கியது படிப்படியாகத்தான். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அந்தப் பக்கத்துப் பழைய பெயர் பலகைப் படம். பெயரில் பலகை வந்துவிட்டது. ஆனாலும் பலாப்பலகை மேல் முதலில் ஒட்டுவது துணிதான். அதன் மேல்தான் சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் துணி உள்ளே இருக்கிறது. பிறகு அச்சு வந்தது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கிய பிறகு, வண்ணத்தில் அச்சடித்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளின் சுவருக்கும் வந்து சேர்ந்தார்கள். படம் காகிதமானது, சட்டமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டது. பெரியவர்கள் தவறிப்போனால் “அவர் படமாயிட்டாரு” என்று சொல்கிற வழக்கம் அந்தக் கண்ணாடிச் சட்டத்தையும் அதில் தொங்கும் மாலையையும் பார்த்து வந்ததுதான்.

சினிமா வந்தபோது சொல் மறுபடியும் துணியில் ஏறியது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கூடாரமும் துணி, உள்ளே கட்டிய திரையும் துணி. திரைப்படம் என்ற சொல்லை மூலப் பொருளில் பிரித்தால் துணிமேல் துணி! மராத்தியில் சினிமாவுக்குச் சித்ரபட் என்று பெயர், சித்திரத் துணி. “சும்மா படம் காட்டாதே” என்று நாம் திட்டுவதும் சினிமாவிலிருந்து வந்த வழக்குதான். ஒன்றை மட்டும் கலந்துவிட வேண்டாம்: படுதா இந்தக் குடும்பம் இல்லை. அது பாரசீக மொழியின் ‘பர்தா’. தொங்குகிற துணியாக இருப்பதால் உறவு போலத் தோன்றும்.

கடைசியாகப் புகைப்படம். இந்தப் பெயரில் இருக்கும் புகை எங்கே இருந்தது என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் காலத்தில் வெளிச்சத்துக்கு மெக்னீசியம் தூளைக் கொளுத்துவார்கள், குப்பென்று புகை கிளம்பும், அதனால் புகைப்படம் என்பது எல்லோரும் சொல்கிற விளக்கம். தூள் உண்மை. ஜெர்மனியில் 1887-இல் வந்த கலவை அது. அதற்கு முன்பே, 1839-இல் அறிவிக்கப்பட்ட, பிரெஞ்சுக்காரர் டாகுரேயின் படம் பிடிக்கும் முறையில், வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் காட்டித் தயார் செய்து, படம் பிடித்த பிறகு பாதரச ஆவியில் காட்டித்தான் உருவத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அங்கேயும் ஒரு வகைப் புகை உண்டு. ஆனால் இன்று இந்த இரண்டும் இல்லை.

நிழற்படம் என்பதும் பிழை இல்லை. இங்கிலாந்தில் படம் பிடிக்கும் கலையின் முன்னோடியான டால்பட் 1839-இல் எழுதிய கட்டுரையில் ஒரு பகுதிக்கு ‘நிழலை நிலைக்கச் செய்யும் கலை’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ஒளிப்படம் மூலச் சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது. போட்டோகிராபியில் ‘போட்டோ’ ஒளி. ‘கிராப்’ என்பது கிரேக்கத்தில் கீறுவது, வரைவது, எழுதுவது மூன்றும். நம் ‘எழுது’ போலவே.

என் யோசனை இது. பேச்சில் படம் என்றோ போட்டோ என்றோ சொல்லட்டும், திருத்த வேண்டாம். கட்டுரை எழுதும்போது ஒளிப்படம் என்று எழுதப் பழக்குங்கள், பொருள் நேராக இருக்கிறது. புகைப்படம் என்று எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். அரசு விண்ணப்பங்களில் ‘புகைப்படம் ஒட்டவும்’ என்றுதான் அச்சடித்திருக்கும், நாளைக்கு அந்தப் பிள்ளை அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பாம்பு பற்றிச் சொன்னதைத் திருத்த வேண்டுமா என்று தயங்குவீர்கள். திருத்துங்கள். “நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, தேடிப் பார்த்தேன்” என்று ஆசிரியர் வாயால் கேட்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும். கேள்வி கேட்ட பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே சொல்லுங்கள்.

அன்றைக்கு ஒரு பழைய வேட்டியைக் கொண்டுபோங்கள். சோற்றுக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள், கரித்துண்டும் கொடுங்கள். மயில் வரையச் சொல்லலாம். காகிதத்தில் பென்சில் ஓடுவது போல ஓடாது, ஒவ்வொரு இழையிலும் கரி தட்டித் தட்டிப் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லோரும் முடித்த பிறகு வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மறக்காமல் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.